பனிக்கட்டியின் நீலத்தை ஆராய்ந்த திருவானைக்காவல் மேதை

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள ஸ்ரீரங்கத் தீவில் மார்கழிக் குளிர்தான் பெரிய குளிர். பனிமலையை அங்கே யார் கண்டார்கள்? அந்தத் தீவில் பிறந்த ஒருவர், பனிமலையின் பனிக்கட்டி ஏன் நீலமாக இருக்கிறது என்று ஆராய்ந்தார். அவர்தான் சர் சி. வி. ராமன்.

1888 நவம்பர் 7-ந் தேதி, திருவானைக்காவலில் தாய்வழிப் பாட்டனார் வீட்டில் அவர் பிறந்தார். தந்தை சந்திரசேகர அய்யர். தாயார் பார்வதி அம்மாள். தந்தைக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி வேலை கிடைக்கவே, குடும்பம் அங்கே குடியேறியது.

உதறிய உத்தியோகம்

சென்னை மாநிலக் கல்லூரியில் எம். ஏ. தேறிய ராமன், 1907-ல் கல்கத்தாவில் நிதி இலாகா அதிகாரியானார். பகலில் கணக்கு வேலை, மாலையில் ஆராய்ச்சி. 1917-ல் கல்கத்தா பல்கலைக் கழகத்தில் பேராசிரியர் பதவி வந்தது. சம்பளம் குறைவு. ஆனாலும் பெரிய உத்தியோகத்தை உதறிவிட்டுப் போனார்.

கடலும் பனியும்

1921-ல் மத்தியதரைக் கடலில் கப்பல் பயணம் செய்தார். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்று அப்போது விஞ்ஞானிகள் நம்பினார்கள். ராமன் ஒரு சிறு படிகக் கருவியால் பிரதிபலிப்பை மறைத்துப் பார்த்தார். நீலம் மறையவில்லை! தண்ணீரே ஒளியைச் சிதறச் செய்கிறது என்று எழுதினார்.

அடுத்து, பனியாறு. இமயமலையில் பனி பாளமாக இறுகி, மெல்ல நகர்ந்து இறங்குவதே பனியாறு. அதில் ஆழமான வெடிப்புகள் உண்டு. வெயிலில் உருகிய நீர் அவற்றின் வழியே இறங்கிப் பாறை இடுக்கில் புகும். குளிர் ஏறியதும் உறையும். தண்ணீர் உறைந்தால் 100 பங்கு 109 பங்காகப் பருக்கும். பாறை பிளக்கும். பிளந்த கல்லைப் பனியாறு இழுத்துச் செல்லும். மலை இப்படியும் தேய்கிறது.

அதே வெடிப்புக்குள் எட்டிப் பார்த்தால் ஒரே நீலம்! 1923-ல் ராமன் இதுபற்றி எழுதினார். கெட்டியான பனிக்கட்டியிலும் அணுக்கள் வெப்பத்தால் ஓயாமல் அதிர்கின்றன. அந்த அதிர்வு ஒளியைச் சிதறச் செய்கிறது என்றார்.

பனிக்கட்டி சிவப்பு ஒளியை விழுங்கிவிடுவதே நீலத்துக்கு முக்கிய காரணம் என்று இன்று அறிகிறோம். ஆனால் ராமனின் உழைப்பு வீண் போகவில்லை. சிதறும் ஒளியை விடாமல் தொடர்ந்தவர், 1928 பிப்ரவரி 28-ந் தேதி ராமன் விளைவைக் கண்டார். 1930-ல் நோபல் பரிசு பெற்றார். விஞ்ஞானத்தில் அப்பரிசு பெற்ற முதல் ஆசியர் அவரே. 1970 நவம்பர் 21-ந் தேதி பெங்களூரில் காலமானார்.

கடல் ஏன் நீலம் என்று உங்கள் வீட்டுக் குழந்தை கேட்டால் அதட்டாதீர்கள். நோபல் பரிசுக்கு வழி திறந்த கேள்வி அது!