அன்னைக்கு ஆலயம் கண்ட வணிகர்

1819-ஆம் ஆண்டு மே மாதம், ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து கப்பலேறிச் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார் நாராயண பிள்ளை. வீடுகள் பெருகவிருந்த அப்புதிய ஊரின் தேவையை உணர்ந்து செங்கற்சூளை அமைத்தார். துணி வணிகமும் தொடங்கினார். 1822-இல் தீ அவருடைய கடையை அழித்து, அவரைக் கடனாளியாக்கியது. ஆயினும் தளராது உழைத்து மீண்டும் உயர்ந்தார்.

இத்தனை இன்னல்களுக்கிடையிலும் கோயில் அமைக்கும் முயற்சியை அவர் கைவிடவில்லை. அரசு முதலில் அளித்த தெலுக் ஆயர் நிலத்தில் நன்னீர் கிடைக்கவில்லை. நீரின்றி அபிஷேகம் ஏது? அடுத்துக் கிடைத்த இடமோ நகரமைப்புத் திட்டத்திற்குப் பொருந்தவில்லை. இறுதியில் 1823-இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் நிலம் கிடைத்தது. 1827-இல் மரத்தாலும் ஓலைக்கூரையாலும் எளிய கோயில் எழுந்தது. அங்கே சின்ன அம்மனைப் பிரதிஷ்டை செய்து மகிழ்ந்தார். செங்கற்சூளை நடத்தியவர் கண்ட அக்கோயில் செங்கற்கட்டடமாக மாறியது 1843-இல்தான்.

உற்றார் எவருமின்றிக் கப்பலிலிருந்து இறங்கிய தமிழருக்கு, வேலையும் தங்குமிடமும் கிடைக்கும்வரை அம்மன் சந்நிதியே புகலிடமாயிற்று. இந்துத் திருமணங்களைப் பதிவு செய்யும் இடமாகவும் கோயில் விளங்கியது. அந்நிய மண்ணில் தனித்து நின்றவர்கள் அங்கே ஒரு சமூகமாயினர்.

1973-இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட ஸ்ரீ மாரியம்மன் கோயில், சிங்கப்பூரின் மிகப் பழமையான இந்துக் கோயிலாகும். தம் உடைமையைத் தீக்கு இழந்தவர், பிறர் ஒதுங்க ஒரு கூரையைத் தந்தார். இறைவழிபாடும் மக்கள் சேவையும் அவரிடம் இருவேறு செயல்களாக இருக்கவில்லை.