ஜானகி அம்மையார்

சேர்வராயன் மலைமீது அமைந்துள்ள ஏற்காட்டில் ஏரி நிரம்பி வழியும் நீர், ஓடையாக ஓடிக் கிளியூரில் அருவியாக வீழ்கிறது. அம்மலைச்சரிவிலே மருந்துக்கு உதவும் பச்சிலைகள் பல வளர்கின்றன. இலையும் பூவும் ஒத்திருப்பின் இரு செடிகளும் ஒன்றே என்று நாம் எண்ணுகிறோம். மருத்துவத்திற்கு அவ்வளவு போதுமா? செடியின் உள்ளே நுழைந்து இவ்வினாவை ஆராய்ந்தவருள் முதன்மையானவர் ஜானகி அம்மையார்.

அவர் 1897-ஆம் ஆண்டு தலைச்சேரியில் பிறந்தார். பெண்கள் பள்ளிக்குச் செல்வதே அரிதாயிருந்த அக்காலத்தில், சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். பின் அமெரிக்கா சென்று, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் அறிவியல் முதுமுனைவர் பட்டம் பெற்றார். மணவாழ்வை நாடாது, வாழ்நாள் முழுவதையும் செடிகொடிகளுக்கே அளித்தார்.

கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியபோது, கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து புதிய பயிர் ஒன்றை உண்டாக்கினார். பின்னர் இங்கிலாந்து சென்றார். உலகப்போரின்போது இரவில் குண்டுகள் விழும். அவர் கட்டிலுக்கடியில் பதுங்குவார். காலையில் உடைந்த கண்ணாடித் துண்டுகளைத் துடைத்துவிட்டு ஆராய்ச்சியைத் தொடர்வார் என்பர். டார்லிங்டன் என்னும் அறிஞருடன் சேர்ந்து, பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்து 1945-இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார்.

குரோமோசோம் என்பது உயிரணுவிற்குள் இருக்கும் நுண்ணிய இழை. மரபுப் பண்புகளைத் தாங்குவது அதுவே. கால்சிசின் என்னும் நஞ்சைக் கொண்டு அவ்விழைகளை இரட்டிக்கச் செய்யலாம். நம் நாட்டுச் செங்காந்தட் கிழங்கிலும் அந்நஞ்சு உண்டு. அம்மையார் அதனைப் பயன்படுத்தி மக்னோலியா மரங்களில் ஆய்வு செய்தார். அவற்றுள் ஒரு வகை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நேருவின் அழைப்பை ஏற்று இந்தியா திரும்பிய அம்மையார், 1952 முதல் இந்தியத் தாவர ஆய்வகத்தைச் சீரமைக்கும் பணியில் ஈடுபட்டார். அதன் தென்மண்டலக் கிளை 1955-இல் கோவையில் தோன்றியது. ஏற்காட்டிலுள்ள ஆர்க்கிட் செடிப் பண்ணையும் 1963-இல் அவ்வாய்வகத்தால் நிறுவப்பட்டதே. ஒருமுறை அவர் ஷில்லாங்கிலிருந்து 37 மைல் பயணம் செய்தார். அப்பகுதியில் எஞ்சியிருந்த ஒரே ஒரு மக்னோலியா மரத்தைக் காண்பதே அவர் நோக்கம். சென்று பார்த்தபோது அது எரிக்கப்பட்டுக் கிடந்தது. ஒரு மரம் எரிந்தால் அதன் மரபும் உடன் எரிகிறது. நூலில் எழுதி வைத்த எண்ணிக்கையைக் கொண்டு அதனை மீண்டும் முளைக்கச் செய்ய முடியாது.

அடுத்து ஜம்மு ஆராய்ச்சிக் கூடத்தில் மருந்துச் செடிகளை ஆராய்ந்தார். அவர் ஆராய்ந்தவற்றுள் வசம்பும் ஒன்று. குழந்தைக்கு உரைத்துக் கொடுப்பதற்கு நம் வீடுகளில் வைத்திருக்கும் அதே வசம்புதான். அதன் பெயரைச் சொல்லவும் அஞ்சிப் ‘பேர் சொல்லா மருந்து’ என்பர் நம் பாட்டிமார். வசம்பில் 24 குரோமோசோம் உடையதும், 36 உடையதும், 48 உடையதும் உண்டு. கண்ணுக்கு அவை பெரிதும் ஒத்தே தோன்றும். ஆனால் எண்ணெயோ வேறு! மிகுந்தால் தீங்கு தரும் பீட்டா அசரோன் என்னும் பொருள் முதல் வகையில் இல்லை, இரண்டாவதில் உண்டு, மூன்றாவதில் மிகுதி. இடையிலுள்ள 36 குரோமோசோம் வகை விதை தருவதில்லை, கிழங்காலேயே பெருகுகிறது. கிழங்கை முற்றும் அகழ்ந்துவிட்டால் அவ்விடத்தில் அதன் குலமே அற்றுப்போகும்.

1970-இல் அம்மையார் சென்னைக்கு வந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் மதுரவாயல் ஆய்வுக்கூடத்தில் தங்கி, தாமே மருந்துச் செடித் தோட்டம் ஒன்றை வளர்த்தார். 1977-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்ட முனைந்தபோது, முதுமையைப் பாராது அக்காட்டிற்காகக் குரல் கொடுத்தார். அணைத்திட்டம் 1983-இல் கைவிடப்பட்டது. 1984 பிப்ரவரி 7-ஆம் நாள் அவர் மறைந்தார். அவ்வாண்டு நவம்பரில் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.