‘செல்ப்’ தந்த பள்ளி ஆசிரியர்

காரில் ஏறி உட்கார்ந்ததும் அப்பாவோ அம்மாவோ முதலில் என்ன செய்கிறார்கள்? சாவியைப் போட்டுத் திருப்புகிறார்கள். சில கார்களில் சாவிக்குப் பதில் ஒரு பொத்தான் இருக்கும். ‘கிர்ர்ர்’ என்று ஒரு சத்தம். அடுத்த நொடி என்ஜின் ஓடத் தொடங்கிவிடுகிறது. பிறகு விளக்கு, ஹாரன், வைப்பர், ஏ.சி. என்று எல்லாமே விரல் நுனியில்!

என்றாவது ஒருநாள் கார் கிளம்பவில்லை என்றால், ‘செல்ப் எடுக்கவில்லை’ என்று மெக்கானிக்கிடம் சொல்வார்கள். அந்த ‘செல்ப்’ யார் கொடுத்தது தெரியுமா? சரியாகக் கண் தெரியாமல் அவதிப்பட்ட ஒரு கிராமத்துப் பள்ளி ஆசிரியர்! அவர் பெயர் சார்லஸ் பிராங்க்ளின் கெட்டரிங். அவருடைய கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

கண் வலித்த சிறுவன்

அமெரிக்காவில் ஒஹையோ என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அங்கே லவுடன்வில் என்ற சிற்றூருக்கு அருகில், ஒரு விவசாயக் குடும்பத்தில் 1876ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் தேதி சார்லஸ் பிறந்தான். மற்ற பிள்ளைகளைப் போலவே அவனும் பண்ணை வேலைகளைச் செய்துகொண்டே படித்தான். படிப்பில் கெட்டிக்காரன். ஆனால், சிறிது நேரம் புத்தகத்தைப் பார்த்தாலே கண் வலிக்கும். தலை வெடிப்பதுபோல் இருக்கும்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் அவர் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். பாடப் புத்தகத்தைப் படித்துக் காட்டுவதோடு அவர் நிற்கவில்லை. காந்தம், மின்சாரம், வெப்பம், புவிஈர்ப்பு ஆகியவற்றைச் சோதனை செய்து காட்டினார். மாலை நேரத்தில் அவர் நடத்திய செயல்விளக்கங்களைக் காண மாணவர்கள் ஆவலோடு வந்தார்கள்.

மேலே படிக்க வேண்டும் என்ற ஆசை அவரை விடவில்லை. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். மீண்டும் கண் நோய் வாட்டியது. படிப்பைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று.

வேறொருவராக இருந்தால் மனம் உடைந்து வீட்டிலேயே உட்கார்ந்திருப்பார். கெட்டரிங் தொலைபேசிக் கம்பி போடும் வேலைக்குப் போனார். வெயிலிலும் குளிரிலும் குழி தோண்டிக் கம்பம் நட்டார். விரைவிலேயே அந்த ஆட்களுக்கு மேஸ்திரியும் ஆனார். திறந்தவெளி வேலையில் அவருடைய கண்ணும் தேறியது. மறுபடியும் பல்கலைக்கழகத்திற்குத் திரும்பினார். நண்பர்கள் பாடங்களை வாசிக்க, அவர் காதால் கேட்டே படித்தார். 1904இல் மின்பொறியியல் பட்டம் பெற்றார்!

கல்லாப்பெட்டி கற்றுத்தந்த பாடம்

டேட்டன் என்ற நகரில் கடைகளுக்கான கல்லாப்பெட்டி இயந்திரம் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. கெட்டரிங்குக்கு அங்கே வேலை கிடைத்தது. அப்போது அந்த இயந்திரங்களைக் கையால்தான் இயக்க வேண்டும். அதை மின்சாரத்தில் இயங்க வைக்க வேண்டும் என்பது அவருக்குத் தரப்பட்ட வேலை.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. கல்லாப்பெட்டியைத் திறக்க நல்ல விசை வேண்டும். அவ்வளவு விசை தரும் மோட்டாரை வைத்தால் பெட்டி பெரிதாகிவிடும். கெட்டரிங் யோசித்தார். அந்த மோட்டார் நாள் முழுவதும் ஓடப் போகிறதா? இல்லையே! ஒரு நொடி ஓடும். பிறகு ஓய்வு எடுக்கும். அப்படியானால் சிறிய மோட்டாரையே அந்த ஒரு நொடி மட்டும் அதன் சக்திக்கு மீறி வேலை வாங்கினால் என்ன?

நாம்கூட அப்படித்தானே! பேருந்தைப் பிடிக்கச் சில நொடிகள் தலைதெறிக்க ஓட முடியும். அதே வேகத்தில் ஊர் வரைக்கும் ஓட முடியுமா?

அவர் நினைத்தது பலித்தது. சிறிய மோட்டாரில் இயங்கும் கல்லாப்பெட்டி உருவானது. இந்தச் சின்ன யோசனைதான் பின்னாளில் கார் உலகையே மாற்றப் போகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

கை உடைத்த கைப்பிடி

அந்தக் காலத்துக் காரை எப்படிக் கிளப்புவார்கள் தெரியுமா? பெட்ரோல் என்ஜின் தானாக ஓடத் தொடங்காது. முதலில் யாராவது அதைச் சுழற்றிவிட வேண்டும். அப்போதுதான் அது பெட்ரோல் ஆவியையும் காற்றையும் உள்ளே இழுத்து, அழுத்தி, தீப்பொறி பட்டு எரியும். அதற்காகக் காரின் முன்பக்கத்தில் இரும்புக் கைப்பிடி ஒன்றைச் செருகி, பலம்கொண்ட மட்டும் சுற்றுவார்கள். நம் ஊரில்கூடப் பழைய கார்களுக்கும் லாரிகளுக்கும் இப்படி ‘ஹேண்டில் அடித்தது’ உண்டு. உங்கள் தாத்தாவைக் கேட்டுப் பாருங்கள்.

இதில் பெரிய ஆபத்து இருந்தது. தீப்பொறி கொஞ்சம் முந்திக்கொண்டால் என்ஜின் பின்பக்கமாகச் சுழன்றுவிடும். அந்த வேகத்தில் கைப்பிடி திருப்பி அடிக்கும். மணிக்கட்டு உடைந்தவர்கள் பலர். தாடை உடைந்தவர்களும் உண்டு. வயதானவர்களும் உடல் வலு குறைந்தவர்களும் துணையில்லாமல் காரை எடுக்க முடியாது. பெண்கள் பலரும் பெட்ரோல் கார் பக்கமே போகவில்லை.

விளக்கு ஏற்றுவதும் வேடிக்கைதான். இருட்டியதும் காரை நிறுத்தி, கீழே இறங்கி, தீக்குச்சி கிழித்து வாயு விளக்கைப் பற்றவைக்க வேண்டும்!

கொட்டகையில் ஒரு சோதனை

1909இல் கெட்டரிங் தன் நண்பர் எட்வர்ட் டீட்ஸுடன் சேர்ந்து ‘டெல்கோ’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அதற்குப் பெரிய கட்டடம் எதுவும் கிடையாது. டீட்ஸ் வீட்டின் பின்னால் இருந்த கொட்டகைதான் அவர்களுடைய ஆய்வுக்கூடம். பகலில் வேலை முடித்து வந்த நண்பர்கள் இரவிலும் விடுமுறை நாளிலும் அங்கே கூடி உழைத்தார்கள்.

கேடிலாக் கார் நிறுவனத்தின் தலைவர் ஹென்றி லேலண்ட். அவருக்குத் தெரிந்த ஒருவர், நின்றுபோன காரைக் கிளப்பப் போய்க் கைப்பிடி அடித்துக் காயமடைந்து இறந்தார் என்றும், அதனால் மனம் வருந்திய லேலண்ட் கைப்பிடியே இல்லாத கார் வேண்டும் என்று கெட்டரிங்கிடம் கேட்டார் என்றும் ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

மின்மோட்டாரால் என்ஜினைச் சுழற்றலாம் என்று கெட்டரிங் சொன்னபோது விவரம் தெரிந்தவர்களே சிரித்தார்கள். என்ஜினைச் சுழற்ற என்ஜின் அளவுக்கு ஒரு மோட்டாரும், வண்டி நிறைய பேட்டரியும் வேண்டுமே என்பது அவர்கள் வாதம். ஆனால், கெட்டரிங்கின் மனதில் இருந்தது அந்தக் கல்லாப்பெட்டி! சில நொடிகள் மட்டும் உழைக்கும் சிறிய மோட்டார் போதும் என்பது அவருக்குத் தெரியும்.

அவர் இன்னொரு புத்திசாலித்தனமும் செய்தார். என்ஜின் ஓடத் தொடங்கியதும் அதே மோட்டாரை என்ஜின் சுழற்றும். அப்போது அது மின்சாரம் தயாரிக்கும் டைனமோவாக மாறிவிடும். அந்த மின்சாரம் பேட்டரியில் சேரும். தீப்பொறிக்கும் விளக்குக்கும் பயன்படும். கடன் வாங்கியதை உடனே திருப்பிக் கொடுப்பது மாதிரி!

1911இல் சோதனை வெற்றி பெற்றது. 1912ஆம் ஆண்டு மாடல் கேடிலாக் கார்கள் செல்ப் மோட்டாருடனும் மின்விளக்குகளுடனும் விற்பனைக்கு வந்தன. சில ஆண்டுகளில் மற்ற நிறுவனங்களும் அதே வழிக்கு வந்தன. புகழ்பெற்ற போர்டு ‘மாடல் டி’ காருக்கும் 1919இல் செல்ப் வந்தது. கை வலு இல்லாதவரும் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு போகலாம் என்ற நிலை பிறந்தது.

இன்றைய சின்னக் காரிலும் அதே தத்துவம்தான். ஆனால், மின்சாரம் தயாரிக்கத் தனிக்கருவி வந்துவிட்டது. சாவியைத் திருப்பியதும் செல்ப் மோட்டாரின் சிறிய பல்சக்கரம் முன்னே வந்து, என்ஜினின் பெரிய பல்சக்கரத்தைப் பற்றிச் சுழற்றும். என்ஜின் ஓடியதும் விலகிக்கொள்ளும். ஒரே மூச்சில் நீண்ட நேரம் செல்ப் அடிக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான். சில நொடி உழைப்புக்கான மோட்டார் சூடாகிவிடும் அல்லவா? கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி முயல வேண்டும். இரவில் விளக்கை அணைக்க மறந்தால் பேட்டரி இறங்கி, காலையில் செல்ப் எடுக்காமல் போவதும் இதனால்தான்.

தோல்வியும் வந்தது

டெல்கோவைப் பெரிய நிறுவனத்தார் விலைக்கு வாங்கினார்கள். கெட்டரிங் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவுத் தலைவரானார். 1920 முதல் 1947 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். சீக்கிரம் உலரும் கார் பெயின்ட், ரயில்களுக்கான டீசல் என்ஜின் என்று பலவற்றில் அவரது குழுவின் பங்கு இருந்தது.

எல்லாமே வெற்றி என்று நினைத்துவிடாதீர்கள்! தண்ணீருக்குப் பதில் காற்றாலும் செம்புத் தகடுகளாலும் குளிரும் ஓர் என்ஜினை அவர் ஆசை ஆசையாக உருவாக்கினார். 1923இல் அது பொருத்தப்பட்ட செவர்லே கார்கள் சரியாக ஓடவில்லை. விற்ற கார்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. மனமுடைந்த கெட்டரிங் வேலையை விட்டுவிட நினைத்தார். நிறுவனம் அவரை விடவில்லை. அவரும் அடுத்த வேலையைப் பார்க்கத் தொடங்கினார்.

கேட்காமல் விட்ட எச்சரிக்கை

இனி நான் சொல்லப் போவது கொஞ்சம் வருத்தமான பகுதி. ஆனால், இதைச் சொல்லாமல் விட்டால் கதை உண்மையாகாது.

அந்நாளில் கார் என்ஜின்கள் மேட்டில் ஏறும்போது ‘டக் டக்’ என்று தட்டும். கெட்டரிங்கின் தீப்பொறிக் கருவிதான் காரணம் என்று சிலர் பழி போட்டார்கள். உண்மையில் காரணம் பெட்ரோல் எரியும் விதம். இதைச் சரிசெய்ய அவருடைய உதவியாளர் தாமஸ் மிட்ஜ்லி பல பொருள்களைக் கலந்து பார்த்தார். 1921இல் ஈயம் கலந்த ஒரு பொருளைச் சேர்த்தபோது சத்தம் நின்றது. எத்தனாலும் பயன் தரும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் மலிவான ஈயத்தையே தேர்ந்தெடுத்தார்கள். 1923இல் அந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது.

ஈயம் நஞ்சு என்பது அப்போதே மருத்துவர்களுக்குத் தெரியும். அவர்கள் எச்சரித்தார்கள். 1924இல் அந்தப் பொருளைத் தயாரித்த ஆலைகளில் தொழிலாளர்கள் பலர் பாதிக்கப்பட்டு, சிலர் இறந்தும் போனார்கள். அதன் பிறகும் விற்பனை தொடர்ந்தது. கெட்டரிங்கும் அதற்கு ஆதரவாகவே நின்றார். ஈயப் புகை குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்று பின்னாளில் உறுதியானது. கிராமத்துப் பிள்ளைகளின் அறிவைத் தூண்டிவிட்ட ஆசிரியரிடமிருந்து இப்படி ஒன்று வந்தது எவ்வளவு வேதனை!

நம் இந்தியாவில் 2000ஆம் ஆண்டில் ஈய பெட்ரோல் ஒழிக்கப்பட்டது. உலகில் கடைசியாக அல்ஜீரியாவில் 2021இல் அது நின்றது. அன்று ஒதுக்கிய எத்தனாலைத்தான் இப்போது நம் நாட்டில் பெட்ரோலுடன் கலக்கிறார்கள்.

ஏ.சி.யின் கதை இன்னொரு மாதிரி. பழைய குளிர்சாதனப் பெட்டிகளில் இருந்தவை நச்சு வாயுக்கள். கசிந்தால் உயிருக்கே ஆபத்து. எனவே மிட்ஜ்லி குழுவினர் நச்சில்லாத, தீப்பிடிக்காத ‘பிரியான்’ என்ற பொருளை உருவாக்கி 1930இல் அறிவித்தார்கள். பிற்காலத்தில் கார்களின் ஏ.சி.யிலும் அது இடம்பெற்றது. அது வானத்தில் நம்மைக் காக்கும் ஓசோன் படலத்தை அரிக்கும் என்பது 1974இல்தான் தெரிய வந்தது. 1987இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் நாடுகள் கூடி அதைக் கைவிட ஒப்பந்தம் செய்தன. இன்றைய புதிய கார்களின் ஏ.சி.யில் இருப்பது ஓசோனை அரிக்காத வேறு வாயு.

இரண்டும் தவறுதான். ஆனால், ஒன்று தெரியாமல் நடந்தது. மற்றொன்று எச்சரித்தும் கேளாமல் நடந்தது. இந்த வேறுபாட்டை மறந்துவிடாதீர்கள்.

கடைசி வரை கேள்விகள்

கெட்டரிங் பெயரில் 180க்கும் மேற்பட்ட காப்புரிமைகள் உள்ளன. புல் ஏன் பச்சையாக இருக்கிறது, இலை எப்படிச் சூரிய ஒளியைப் பிடித்து உணவாக்குகிறது என்று ஆராய்வதற்கும் அவர் பணம் கொடுத்தார். நிறுவனத் தலைவர் ஆல்பிரட் சுலோனுடன் சேர்ந்து 1945இல் நியூயார்க்கில் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் ஒன்று உருவாகக் காரணமாக இருந்தார். இருவர் பெயரையும் தாங்கி அது இன்றும் இயங்குகிறது. டேட்டன் அருகே ஒரு நகரமே கெட்டரிங் என்ற பெயரில் இருக்கிறது. 1958ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் தேதி, 82ஆம் வயதில் அவர் காலமானார்.

என்ன குழந்தைகளே! கண் வலிக்கிறது என்று அவர் படிப்பைக் கைவிட்டிருந்தால் நமக்கு ‘செல்ப்’ எப்போது கிடைத்திருக்குமோ! அந்த விடாமுயற்சியை அவரிடமிருந்து எடுத்துக்கொள்வோம். எச்சரிப்பவர் சொல்லுக்குக் காது கொடுக்கும் பழக்கத்தையும் சேர்த்துக்கொள்வோம். அடுத்த முறை காரிலோ ஸ்கூட்டரிலோ ‘கிர்ர்ர்’ சத்தம் கேட்கும்போது, டேட்டன் நகரத்துக் கொட்டகையை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்!