நல்லூர் நாவலரும் நல்ல வசனமும்

பனையோலையில் புள்ளி இடுவது இடர் மிகுந்தது. எழுத்தாணி சற்றே அழுந்தினாலும் ஓலை பொத்துப்போகும். ஆகவே ஏடெழுதியோர் பெரும்பாலும் மெய்யெழுத்திற்குப் புள்ளி வைப்பதில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. சொற்களுக்கிடையே வெளி விடுவதுமில்லை. தங்கைவளை என்று ஏட்டில் இருந்தால், அது தங்கையின் வளையா, தம் கையிலுள்ள வளையா என்பதை ஆசிரியரின் வாய்தான் சொல்ல வேண்டும். மாணாக்கர் அருகிருந்து கேட்டுப் பொருள் கொண்டனர். இம்மரபில் பயின்ற ஒருவரே, ஆசிரியர் அருகில் இல்லாதவரும் தாமே படித்து உணரத்தக்க வசனத்தைத் தமிழுக்கு ஆக்கித் தந்தார். அவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர்.

1822 டிசம்பர் 18ஆம் நாள் கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். சேனாதிராய முதலியாரிடமும் சரவணமுத்துப் புலவரிடமும் தமிழ் கற்றார். ஆங்கிலம் கற்க வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் சேர்ந்தவர் பின்னர் அங்கேயே ஆசிரியருமானார். பாடசாலையை நடத்திய பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கியபோது துணை நின்றவரும் அவரே. 1850இல் வெளிவந்த அம்மொழிபெயர்ப்பு தமிழகத்துக் கிறித்தவரிடையே போதிய வரவேற்பைப் பெறவில்லை. அதன் நடை உயர்ந்தது எனப் பலர் குறை கூறினர். இலக்கணம் வழுவாத நடை எளியோர்க்கும் எட்டுமா என்னும் கேள்வி இவ்வாறு அவருடைய இளமையிலேயே எழுந்துவிட்டது.

1847 டிசம்பர் 31இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். எழுத்தறியாதவரும் கூடியிருக்கும் அவையில் நெடுந்தொடர் செல்லாது; கேட்பவர் மூச்சுவிடும் இடத்தில் பேசுபவரும் நின்றாக வேண்டும். நாவலரின் வசனத்திற்கு நன்னூல் ஒரு தாய் என்றால் இப்பிரசங்க மேடை மற்றொரு தாய் எனலாம். மறு ஆண்டு ஆசிரியப் பணியைத் துறந்து வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பிள்ளைகள் வந்தனர், அவர்கள் கையில் கொடுக்கப் புத்தகம் இல்லை.

புத்தகத்திற்கு அச்சுக்கூடம் வேண்டும். 1849இல் சதாசிவம்பிள்ளையுடன் தமிழகம் வந்தார். நாவலர் என்னும் பட்டம் திருவாவடுதுறை ஆதீனத்தில் கிடைத்தது அப்பயணத்திலேதான். சென்னையில் சூடாமணி நிகண்டை உரையுடன் அச்சிட்டார். சொற்பொருள் கூறும் நூலொன்றை முதலிற் பதிப்பித்தது அவருடைய மனப்போக்கிற்குப் பொருத்தமே. பின்னர் வித்தியாநுபாலன யந்திரசாலையிலிருந்து பாலபாடங்கள் வெளிவந்தன. அவற்றின் தொடர்கள் குறுகியவை. ஆயினும் ஒருமை பன்மை மயங்காதவை.

1852இல் வந்த பெரியபுராண வசனத்தில் அவர் ஒரு துணிவான முடிவெடுத்தார். கற்றவரும் கல்லாதவரும் ஒருங்கே வாசித்தறிய வேண்டும் என்பதற்காகப் பெரும்பாலும் இயற்சொற்களையே ஆண்டார். சந்தி விகாரங்களையும் இயன்றவரை தவிர்த்தார். சந்தி அறியாதவன் சந்தி பிரித்து எழுதினால் அது பிழை. சந்தியைக் கரைத்துக் குடித்தவர் வாசகர்பொருட்டுப் பிரித்து எழுதினால் அது அருள். தொடர் முடியும் இடத்தையும் இடையே நிற்கும் இடத்தையும் காட்ட, ஆங்கில நூல்களிற் கண்ட நிறுத்தக்குறிகளைத் தமிழ் வசனத்தில் முறையாகக் கையாண்ட முன்னோடியும் அவரே. ஏட்டுக் காலத்தில் ஆசிரியரின் வாய் செய்த வேலையை அச்சில் காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் ஏற்றன.

நன்னூலை மனனம் செய்ய இயலாதவர்க்காக இலக்கணச் சுருக்கம் எழுதினார். சூத்திரங்கள் வசனமாயின. எழுத்து, சொல் ஆகியவற்றுக்குப் பின் தொடர்மொழிக்கெனத் தனி அதிகாரம் அமைத்தார். எழுதுவோர் பெரும்பாலும் தடுமாறுவது தொடரில்தான் என்பதை வகுப்பறை அவருக்குக் காட்டியிருக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. சாதி முறையை அவர் உறுதியாகக் காத்து நின்றார்; அந்த எளிய வசனம் எல்லார்க்கும் உரியது, பள்ளித் திண்ணையோ அப்படியன்று. 1867இல் திருவருட்பா அச்சேறியபின் அதன் பெயர் குறித்து வள்ளலார் தரப்புடன் எழுந்த பூசல் வழக்குமன்றம் வரை சென்றது. இலக்கணத் தெளிவு கண்டன எழுத்தில் கூர்வாளாகும். அவ்வாள் ஓர் உயர்ந்த கவிஞர்மேல் வீசப்பட்டதை எண்ணும்போது கவிதை அன்பர்க்கு இன்றும் மனம் நோகும்.

பதிப்புப் பணியிலோ அவருடைய கண்டிப்பு நன்மையே செய்தது. அச்சுத்தாள்களைத் தாமே திருத்தினார். நாவலர் பதிப்பு என்றால் பிழையற்ற பதிப்பு என்று புலவருலகம் நம்பிற்று. 1868இல் சி. வை. தாமோதரம்பிள்ளை தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையுடன் வெளியிட்டபோது, அதைப் பரிசோதித்துக் கொடுத்தவர் நாவலரே.

மணம் புரியாமலே வாழ்ந்த அவர், ஐம்பத்தேழு வயது நிறைவதற்குச் சில நாள்களே இருக்கையில், 1879 டிசம்பர் 5ஆம் நாள் மறைந்தார். அச்சுக்கூடத்தையும் வித்தியாசாலையையும் சதாசிவம்பிள்ளை தொடர்ந்து நடத்தினார். பாலபாடங்கள் மீண்டும் மீண்டும் அச்சேறின.