லயோஷ் கொஷுத்

லயோஷ் கொஷுத் (செப்டம்பர் 19, 1802 – மார்ச் 20, 1894) ஹங்கேரி நாட்டைச் சேர்ந்த வழக்கறிஞர், இதழாளர், அரசியல்வாதி ஆவார். 1848-49 ஹங்கேரியப் புரட்சியின் முதன்மைத் தலைவரான இவர், ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் ஆட்சியிலிருந்து ஹங்கேரி விடுதலை பெற்றதாக அறிவித்தார். புரட்சி தோல்வியுற்றபின் தம் வாழ்நாளின் எஞ்சிய 45 ஆண்டுகளையும் வெளிநாடுகளிலேயே கழித்தார். இவரது உருவம் பொறித்த வெள்ளி நாணயங்கள் நாணய சேகரிப்பாளர்களிடையே நன்கு அறியப்பட்டவை.

இளமையும் இதழியலும்

வடகிழக்கு ஹங்கேரியிலுள்ள மோனோக் என்னும் ஊரில், பெருஞ்செல்வம் இல்லாத ஒரு பிரபுக் குடும்பத்தில் கொஷுத் பிறந்தார். குடும்பத்தினர் லூதரன் சமயப் பிரிவினர். சட்டம் பயின்று வழக்கறிஞரானார். 1832 முதல் 1836 வரை பொஜோனி நகரில் (இன்றைய பிராத்திஸ்லாவா) கூடிய நாடாளுமன்றத்தில் பிரபு ஒருவரின் பதிலாளாகக் கலந்து கொண்டார். அங்கு நடந்த விவாதங்களைத் தொகுத்துக் கையெழுத்துப் படிகளாக நாடெங்கும் அனுப்பினார். அச்சிட்டால் தணிக்கைக்கு உட்பட நேரும் என்பதால் இம்முறையைக் கையாண்டார்.

இதன் தொடர்ச்சியாக 1837 இல் கைது செய்யப்பட்டு 1840 இல் விடுதலையானார். சிறையில் ஷேக்ஸ்பியரின் நாடகங்களையும் விவிலியத்தையும் படித்து ஆங்கிலம் கற்றார். 1841 இல் பெஷ்டி ஹீர்லாப் இதழின் ஆசிரியரானார். பண்ணையடிமை முறையை ஒழிக்க வேண்டும், பிரபுக்களும் வரி செலுத்த வேண்டும் என்று எழுதினார். மெதுவான சீர்திருத்தத்தையே விரும்பிய இஷ்த்வான் சேச்சேனி இவரது வேகத்தைக் கடுமையாக எதிர்த்தார்.

1848 புரட்சி

1848 மார்ச் புரட்சிக்குப் பின் லயோஷ் பத்யானி தலைமையில் அமைந்த அமைச்சரவையில் கொஷுத் நிதியமைச்சரானார். அவ்வாண்டின் ஏப்ரல் சட்டங்கள் பண்ணையடிமை முறைக்கு முடிவு கட்டின. புதிய அரசுக்கெனத் தனிப் பணத்தாள்களைக் கொஷுத் வெளியிட்டார். பொன், வெள்ளி இருப்பை ஆதாரமாகக் கொண்டு தொடங்கப்பட்ட இவை மக்களால் கொஷுத் தாள்கள் என அழைக்கப்பட்டன.

நாட்டின் மக்களுள் ஹங்கேரிய மொழி பேசுவோர் பாதிக்கும் குறைவாகவே இருந்தனர். குரோவாசியர், செர்பியர், ருமேனியர், சுலோவாக்கியர் ஆகியோர் கேட்ட தேசிய உரிமைகளைப் புதிய அரசு ஏற்கவில்லை. இவர்களுள் பலர் வியன்னா அரசின் பக்கம் சாய்ந்தனர். செப்டம்பரில் குரோவாசியாவின் ஆளுநர் யெலாச்சிச் படையெடுத்து வந்தார். தேசியப் பாதுகாப்புக் குழுவின் தலைமையை ஏற்ற கொஷுத், ஊர் ஊராகச் சென்று உரையாற்றிப் படைக்கு ஆள் திரட்டினார்.

ஏப்ரல் 14, 1849 இல் தெப்ரெத்சென் நகரில் விடுதலை அறிவிக்கப்பட்டது, கொஷுத் ஆளுநர்-தலைவரானார். ஆனால் ஆஸ்திரியப் பேரரசரின் வேண்டுகோளின் பேரில் உருசியா ஏறத்தாழ 2 இலட்சம் வீரர்களை அனுப்பியது. ஆகத்து 11 இல் கொஷுத் பதவி விலகி, அதிகாரத்தைத் தளபதி ஆர்தூர் கோர்கெயிடம் ஒப்படைத்தார். இரு நாட்களின் பின் கோர்கெய் விலாகோஷ் அருகே உருசியரிடம் சரணடைந்தார். அக்டோபர் 6 இல் அராத் நகரில் 13 படைத் தலைவர்களும் பெஷ்ட் நகரில் பத்யானியும் கொல்லப்பட்டனர். கொஷுத் தாள்கள் செல்லாதவையாக்கப்பட்டுத் தீயிடப்பட்டன.

கோர்கெய் மீதான குற்றச்சாட்டு

உதுமானியப் பேரரசுக்குள் தப்பிச் சென்ற கொஷுத், விதின் நகரிலிருந்து எழுதிய கடிதத்தில் தோல்விக்குக் கோர்கெயின் துரோகமே காரணம் எனக் குற்றம் சாட்டினார். மக்கள் இதை நம்பினர். 1916 வரை வாழ்ந்த கோர்கெய் இப்பழியைச் சுமந்தே இறந்தார். இரு பேரரசுகளின் படைகளுக்கு எதிராக வெற்றி வாய்ப்பு எஞ்சியிருக்கவில்லை என்பதால் இக்குற்றச்சாட்டைப் பிற்கால வரலாற்றாய்வாளர் பெரும்பாலும் ஏற்பதில்லை.

வெளிநாட்டு வாழ்க்கை

1851 வரை உதுமானியர் காவலில் இருந்த கொஷுத், பின்னர் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் சென்றார். சிறையில் கற்ற ஆங்கிலத்தில் அவர் ஆற்றிய உரைகளைக் கேட்கப் பெருங்கூட்டம் கூடியது. அமெரிக்கக் காங்கிரசின் இரு அவைகளும் அவரை வரவேற்றன. எனினும் எந்த அரசும் படையுதவி அளிக்கவில்லை.

வருங்கால ஹங்கேரிக்கென இலண்டனில் அவர் அச்சிடுவித்த பணத்தாள்களுக்கு எதிராக ஆஸ்திரியப் பேரரசர் இங்கிலாந்து நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1861 இல் பேரரசருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வழங்கப்பட்டு, அத்தாள்கள் அழிக்கப்பட்டன.

1862 இல் ஹங்கேரி, ருமேனியா, செர்பியா, குரோவாசியா முதலியவை சமமாக இணையும் தன்யூப் கூட்டாட்சித் திட்டத்தை முன்வைத்தார். 1848 இல் மறுத்தவற்றுள் பலவற்றை இதில் ஏற்றுக்கொண்டார் எனலாம். ஆனால் தாய்நாட்டில் இதற்கு ஆதரவு கிடைக்கவில்லை. 1867 இல் பெரெங்க் தெயாக் ஆஸ்திரியாவுடன் உடன்பாடு கண்டபோது, அது நாட்டை அழிவுக்கு இட்டுச் செல்லும் எனத் திறந்த கடிதம் மூலம் எச்சரித்தார்.

இறப்பு

வெளிநாட்டில் பத்தாண்டுகளுக்கு மேல் வாழ்ந்து பதிவு செய்யாதோர் குடியுரிமையை இழப்பர் என 1879 இல் சட்டம் வந்தது. பேரரசரின் தூதரகத்தில் பதிவு செய்யக் கொஷுத் மறுத்ததால் நாடற்றவரானார். இத்தாலியின் தூரின் நகரில் தமது 91 ஆம் வயதில் காலமானார். அரசு மரியாதைக்குப் பேரரசர் இசையவில்லை. எனினும் புடாபெசுட்டில் ஏப்ரல் 1, 1894 இல் நடந்த அடக்கத்தில் பெருந்திரளான மக்கள் கலந்து கொண்டனர்.

வெள்ளி நாணயம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஹங்கேரியின் பெங்கோ நாணயம் வரலாறு காணாத பணவீக்கத்தால் மதிப்பிழந்தது. ஆகத்து 1, 1946 இல் போரிண்ட் அறிமுகமானது. அவ்வாண்டு வெளியான 5 போரிண்ட் வெள்ளி நாணயத்தில் கொஷுத்தின் தலையுருவம் இடம்பெற்றது. அது 20 கிராம் எடையும் 83.5 விழுக்காடு வெள்ளியும் கொண்டது. 1947 இல் வந்த நாணயத்தில் எடை 12 கிராமாகவும் வெள்ளி 50 விழுக்காடாகவும் குறைக்கப்பட்டன. தாம் வெளியிட்ட பணம் இருமுறை அழிக்கப்பட்ட ஒருவரின் உருவமே, மக்கள் மீண்டும் நம்ப வேண்டியிருந்த பணத்தில் பொறிக்கப்பட்டது குறிப்பிடத்தக்கது.