வேலூர் டாக்டரம்மா



ஆண்டுதோறும் மே 12-ம் தேதியை உலகம் முழுவதும் செவிலியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அது கைவிளக்கேந்திய காரிகை என்று போற்றப்படும் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் பிறந்த நாள். போரில் காயம்பட்ட வீரர்களின் கட்டில்களுக்கு அருகே இரவில் விளக்குடன் நடந்தவர் அவர். 1860-ல் லண்டனில் செவிலியர்களுக்கு என்று ஒரு பயிற்சிப் பள்ளியையும் ஏற்படுத்தினார்.

அந்தப் பணியை நம் பக்கத்து மண்ணில் வேரூன்றச் செய்தவர் ஒருவர் உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து மேற்கே சுமார் 70 கிலோ மீட்டர் போனால் வேலூர். அங்கே வாழ்ந்த டாக்டர் ஐடா ஸ்கடர்தான் அவர். டாக்டரான அவர், செவிலியர்களை உருவாக்குவதில் ஏன் அத்தனை அக்கறை காட்டினார்? அந்தக் கதையைப் பார்ப்போமா?

மருத்துவக் குடும்பம்

ஐடா 1870-ம் ஆண்டு டிசம்பர் 9-ம் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய தாத்தாவும் அப்பாவும் அமெரிக்காவிலிருந்து வந்து இங்கே மருத்துவ ஊழியம் செய்தவர்கள். ஐடா சிறுமியாக இருந்தபோது தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவையே உலுக்கிய பஞ்சம் அது. பசியால் துவண்ட குழந்தைகளுக்கு ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தார் சிறுமி ஐடா. அந்தக் காட்சிகள் அவர் மனதில் பயமாகப் பதிந்துவிட்டன. படிப்பதற்காக அமெரிக்கா போனவர், இனி இந்தியாவில் வாழ்வதில்லை என்றே முடிவு செய்திருந்தார்.

ஆனால் அம்மாவுக்கு உடல்நலம் குன்றியதாகச் செய்தி வந்தது. 1890-ல் கப்பலேறி வந்தார். அப்போது அவருடைய பெற்றோர் திண்டிவனத்தில் இருந்தனர்.

மூன்று முறை தட்டிய கதவு

ஒருநாள் இரவு வீட்டுக் கதவு தட்டப்பட்டது. வந்தவர் ஓர் இளைஞர். அவருடைய மனைவி பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தார். மருத்துவச்சியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஐடா வர வேண்டும் என்று கெஞ்சினார் அவர். தனக்கு வைத்தியம் தெரியாது, டாக்டரான அப்பாவை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. அந்த மனிதர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அந்நிய ஆண் ஒருவர் தன் மனைவியைப் பார்ப்பது அவர்கள் வீட்டு வழக்கத்துக்கு ஆகாது.

சற்று நேரத்தில் மறுபடியும் கதவு தட்டப்பட்டது. பிறகு மூன்றாவது முறையும் தட்டப்பட்டது. வந்தவர்கள் வேறு வேறு ஆட்கள். ஒருவர் அந்தணர், ஒருவர் இஸ்லாமியர், மற்றொருவர் வேறு ஓர் இந்துக் குடும்பத்தவர். மூவரும் கேட்டது ஒரே உதவி. மூவரும் சொன்ன மறுப்பும் ஒன்றே.

ஐடா அன்றிரவு தூங்கவில்லை. விடிந்ததும் தெருவில் சாவு மேளம் கேட்டது. விசாரித்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டது தெரிந்தது.

ஊரில் டாக்டர் இருந்தார். மருந்தும் இருந்தது. நோயாளியின் அருகே போய் அவரைத் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு பெண்தான் இல்லை. இதை உணர்ந்த ஐடா, தானே டாக்டராகித் திரும்பி வருவது என்று உறுதி பூண்டார்.

ஒரு கட்டில் ஆஸ்பத்திரி

அமெரிக்காவில் பெண்கள் மருத்துவம் படிப்பதே அரிதாக இருந்த காலம் அது. பிலடெல்பியாவில் படிப்பைத் தொடங்கிய ஐடா, கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியதும் அங்கே சேர்ந்து, 1899-ல் பட்டம் பெற்றார். 1900-ல் வேலூருக்கு வந்தார். வந்த சில மாதங்களிலேயே அப்பா இறந்துவிட்டார். துணைக்குப் பெரிய டாக்டர் இல்லை. வீட்டிலேயே ஒரே ஒரு கட்டில் போட்டு வைத்தியத்தை ஆரம்பித்தார். இரண்டே ஆண்டுகளில் 5,000 பேருக்குச் சிகிச்சை அளித்தார். அமெரிக்கச் செல்வந்தர் ஒருவர் தன் மனைவியின் நினைவாகக் கொடுத்த பணத்தில், 1902-ல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி எழுந்தது.

இப்போது ஒரு புதிய சிக்கல். டாக்டர் ஒரு நோயாளியின் அருகே நிற்பது சில நிமிடங்கள்தான். மீதி நேரம்? புண்ணைக் கழுவிக் கட்டுப்போட வேண்டும். காய்ச்சல் ஏறுகிறதா, நாடி தளர்கிறதா என்று கவனிக்க வேண்டும். புரள முடியாதவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும்; இல்லாவிட்டால் முதுகில் படுக்கைப் புண் வந்துவிடும். இரவில் பயந்து அழுபவருக்குத் தைரியம் சொல்ல வேண்டும். இவற்றையெல்லாம் யார் செய்வது?

தொட மறுத்த கைகள்

அந்தக் காலத்தில் பிறருடைய ரத்தத்தையும் சீழையும் மலத்தையும் தொடுவது தீட்டு என்று பலர் எண்ணினார்கள். இரவில் வீட்டை விட்டு வெளியே தங்கி வேலை செய்யும் பெண்ணை ஊர் இழிவாகப் பேசியது. ஆகவே பெற்றோர் தங்கள் மகள்களை இந்த வேலைக்கு அனுப்பத் தயங்கினார்கள். அன்று ஆண் டாக்டரைத் தடுத்தது போன்ற ஒரு சுவர், இப்போது செவிலியருக்கும் குறுக்கே நின்றது.

ஐடா சோர்ந்துவிடவில்லை. டெலியா ஹௌட்டன் என்ற செவிலியரின் துணையுடன் 1909-ல் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். இந்த நாட்டுப் பெண்களே, இந்த நாட்டு மொழியில் பேசி, இந்த நாட்டு நோயாளிகளைக் கவனிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம்.

செவிலியருக்கும் நோயாளிக்கும் உள்ள உறவு புதுமையானது. நோயாளி அவருக்குச் சொந்தக்காரர் அல்ல. ஆனாலும் சொந்தக்காரர்களே தயங்கும் வேலையை அவர் செய்கிறார். ஏழை, பணக்காரர், சாதி, மதம் என்று பார்க்காமல் எல்லோரையும் ஒன்றாக நடத்துகிறார். நோயாளி நம்பிச் சொன்ன ரகசியத்தை ஊரில் சொல்லக் கூடாது. கோபித்துக்கொண்டாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும். அன்பு மட்டும் இருந்தால் போதாது. எந்த மருந்து, எவ்வளவு, எப்போது என்ற அறிவும் வேண்டும். அதனால்தான் இதற்குப் பயிற்சி தேவைப்படுகிறது.

நம் ஊர்த் தறியில் கோர்வைச் சேலை நெய்வதைப் பார்த்திருப்பீர்கள். நெசவாளர் உடலை நெய்வார். பக்கத்தில் இருப்பவர் கரைக்கு நாடா தள்ளுவார். இருவர் கையும் இணைந்தால்தான் கரையும் உடலும் பிரியாமல் நிற்கும். டாக்டரும் செவிலியரும் அப்படித்தான்.

மரத்தடி வைத்தியம்

ஆஸ்பத்திரிக்கு வர முடியாத கிராமத்து மக்களைத் தேடி ஐடாவே போனார். முதலில் மாட்டு வண்டி, பிறகு மோட்டார் கார். குடியாத்தம் சாலையில் குறிப்பிட்ட மரத்தடிகளில் வண்டி நிற்கும். கைக்குழந்தையுடன் தாய்மார்களும், கண்ணோய் கண்டவர்களும், தொழுநோயாளிகளும் காத்திருப்பார்கள். மரத்தடியிலேயே மருந்து, மரத்தடியிலேயே கட்டு.

1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். அது 1940-களில் பட்டப்படிப்புக் கல்லூரியாக வளர்ந்தது. 1909-ல் தொடங்கிய செவிலியர் பள்ளியும் வளர்ந்தது. 1946-ல் அங்கே செவிலியருக்கான பட்டப்படிப்பே வந்துவிட்டது. இந்தியாவில் அத்தகைய படிப்பு முதன்முதலில் தொடங்கிய இடங்களில் அதுவும் ஒன்று. தொடவே தயங்கிய வேலை, பட்டம் பெற்றுச் செய்யும் தொழிலாக உயர்ந்தது!

உறையின் மேல் அவர் பெயரும் இந்தியா என்ற சொல்லும் மட்டுமே எழுதப்பட்ட ஒரு கடிதம் சரியாக அவரிடம் வந்து சேர்ந்ததாம். அவ்வளவு புகழ்! திருமணம் செய்துகொள்ளாமல் வாழ்ந்த ஐடா, ஓய்வுக்குப் பின் கொடைக்கானலில் தங்கினார். 1960 மே மாதம், தம் 89-ம் வயதில் காலமானார். அவர் ஒரு கட்டிலோடு தொடங்கிய ஆஸ்பத்திரிதான் இன்று சி.எம்.சி. என்று நாம் அழைக்கும் பெரிய மருத்துவமனை.

குழந்தைகளே, அடுத்த முறை உங்கள் தாத்தாவையோ பாட்டியையோ பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனால், அங்கே கட்டு மாற்றும் செவிலியரைச் சற்றுக் கவனியுங்கள். அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு நன்றியும் சொல்லுங்கள். உதவ ஒரு பெண் இல்லாமல் மூன்று உயிர்கள் போன இரவு ஒன்று இருந்தது. அப்படி ஓர் இரவு மீண்டும் வராமல் காப்பவர்களில் அவரும் ஒருவர்.