காருக்குப் பொறி தந்த ராபர்ட் பாஷ்

மோட்டார் கார் ஓடுவதற்குப் பெட்ரோல் மட்டும் போதாது. அதில் தீ மூட்ட ஒரு பொறி வேண்டும். அந்தப் பொறியும் சரியான சமயத்தில் விழவேண்டும். முந்தினாலும் தப்பு; பிந்தினாலும் தப்பு.

இந்தப் பொறியால் உலகப் புகழ் பெற்றவர், ராபர்ட் பாஷ்.

12 பிள்ளைகள்

ஜெர்மனியில் உல்ம் நகரத்துக்குப் பக்கத்தில் ஆல்பெக் என்ற கிராமம் இருக்கிறது. அங்கு 1861-ம் ஆண்டு செப்டம்பர் 23-ந் தேதி பாஷ் பிறந்தார். தகப்பனார் விவசாயி, சத்திரமும் நடத்தினார். அவருக்கு 12 பிள்ளைகள். பாஷ் 11-வது பிள்ளை.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் பாஷ் நுட்பமான கருவிகள் செய்யும் தொழிலைப் பழகினார். அமெரிக்காவுக்குப் போய் எடிசனின் தொழிற்சாலையிலும் வேலை பார்த்தார்.

1886-ம் ஆண்டு நவம்பர் 15-ந் தேதி ஸ்டட்கார்ட் நகரில் சொந்தப் பட்டறை தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 25. ஒரு மெக்கானிக், ஒரு எடுபிடிப் பையன். அவ்வளவுதான் ஆட்கள்! டெலிபோன் பொருத்துவது, மின்சார மணி கட்டுவது என்று கிடைத்த வேலையைச் செய்தார்கள். பல ஆண்டுகள் கடன் தொல்லை தீரவில்லை.

நெருப்போடு விளையாட்டு

காந்தத்தையும் கம்பிச் சுருளையும் கொண்டு மின்சாரப் பொறி உண்டாக்கும் கருவிக்கு "மாக்னெட்டோ" என்று பெயர். இதைப் பாஷ் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. முன்பே இருந்ததைத் திருத்திச் செய்தார். 1887-ல் அவர் செய்த மாக்னெட்டோ, ஒரே இடத்தில் நின்று மெதுவாக ஓடும் எஞ்ஜினுக்குத்தான் உதவியது.

அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில், ஒரு சிறு குழாயை விளக்கு வைத்துப் பழுக்கக் காய்ச்சித் தீ மூட்டினார்கள். பெட்ரோலுக்குப் பக்கத்திலேயே நெருப்பு!

1897-ல் வேகமாக ஓடும் மூன்று சக்கர மோட்டார் வண்டி ஒன்று பாஷிடம் வந்தது. அந்த வேகத்துக்கு மாக்னெட்டோ ஈடுகொடுக்கவில்லை. பட்டறையில் வேலை செய்த ஆர்னால்ட் சேரிங்கர் வழி கண்டுபிடித்தார். கனமான சுருளை ஆட்டாமல், லேசான உலோக உறை ஒன்றை ஆடவிட்டார். பொறி பறந்தது!

1902-ல் பாஷின் எஞ்ஜினீயர் காட்லாப் ஹோனால்ட், "ஸ்பார்க் பிளக்" பொருத்திய உயர் மின்அழுத்த மாக்னெட்டோவைச் செய்து முடித்தார். பாஷின் பெயர் உலகம் எங்கும் பரவியது.

கையை ஒடித்த கைப்பிடி

எஞ்ஜினுக்குள் பிஸ்டன் மேலே ஏறி, பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை அழுத்துகிறது. தீ பரவச் சிறிது நேரம் பிடிக்கும். ஆகவே, பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்பே பொறி விழவேண்டும்.

அதிகம் முந்திவிட்டால், ஏறி வரும் பிஸ்டனைத் தீ எதிர்த்துத் தள்ளும். எஞ்ஜின் "டக், டக்" என்று தட்டும். பிந்திவிட்டால் சக்தி வீணாகும்.

பழைய கார்களில் இதைச் சரிசெய்ய ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சிறு நெம்புகோல் இருக்கும். பொறியைப் பிந்த வைக்க மறந்து, கைப்பிடியைச் சுற்றி எஞ்ஜினைக் கிளப்பினால், கைப்பிடி எதிர்ப்பக்கம் உதைக்கும். கை ஒடிந்தவர்கள் பலர்!

காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும் "சூப்பர்சார்ஜர்" எஞ்ஜின்கள் வந்தபோது ஆபத்து இன்னும் அதிகம் ஆயிற்று. நெருக்கமான கலவை சீக்கிரம் எரியும். ஆகையால் பொறியைச் சற்றுத் தாமதப்படுத்தவேண்டும். தவறினால் பிஸ்டனே உடைந்துபோகும். இன்றைய "டர்போ" கார்களுக்கும் இதே விதிதான். நேரம் பார்க்கும் வேலையை இப்போது கம்ப்யூட்டர் செய்கிறது.

8 மணி நேர வேலை

தொழிலாளர்கள் நீண்ட நேரம் உழைத்த அந்தக் காலத்தில், 1906-ல், பாஷ் தன் தொழிற்சாலையில் 8 மணி நேர வேலையைக் கொண்டுவந்தார். 1910-ல் சனிக்கிழமை பிற்பகல் விடுமுறை கொடுத்தார். அப்படியும் 1913-ல் அங்கு வேலைநிறுத்தம் நடந்தது. அது அவர் மனதைப் புண்படுத்தியது.

முதல் உலகப் போரில் கிடைத்த லாபத்தில் பெரும் தொகையைத் தர்மத்துக்குக் கொடுத்தார்.

ஹிட்லர் ஆட்சி

ஹிட்லரின் ஆட்சியைப் பாஷ் வெறுத்தார். யூதர்கள் தப்பிச்செல்ல உதவினார். ஹிட்லரை எதிர்த்த கோர்டலர் என்பவருக்கு 1937-ல் தன் நிறுவனத்தில் ஆலோசகர் வேலை கொடுத்துக் காப்பாற்றினார். ஆனால் அதே நிறுவனம் போர்த் தளவாடங்களும் செய்தது. கட்டாயமாகப் பிடித்து வரப்பட்டவர்கள் அங்கு உழைத்தார்கள். பாஷின் வாழ்க்கையில் இது அழியாத கறை.

மரணம்

1940-ல் ஸ்டட்கார்ட் நகரில் பாஷ் கட்டிய ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. 1942-ம் ஆண்டு மார்ச் 12-ந் தேதி அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 80.

1951-ல் பெங்களூரில் தொடங்கப்பட்ட "மைக்கோ" கம்பெனி, பாஷ் நிறுவனத்தின் கிளைதான். ஸ்கூட்டர் வைத்திருந்த குடும்பங்களில் "மைக்கோ" பிளக்கை அறியாதவர்கள் குறைவு.

பாஷ் நிறுவனத்தின் பெரும்பகுதிப் பங்குகள் இன்று ஒரு தர்ம ஸ்தாபனத்திடம் இருக்கின்றன. அதில் வரும் பணம் வைத்தியத்துக்கும் கல்விக்கும் செலவாகிறது.